ஜெய்சல்மேர் வெயிலுக்கு ஏற்ற வீடு: சுவர், கூரை, தண்ணீர்

ஜெய்சல்மேரில் மே மாதப் பகல் 42 டிகிரி. 45-ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. அதே தார் பாலைவனத்தில் இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. ஆனால் விடியற்காலையில் வெப்பம் 27-ஐ ஒட்டி இறங்கிவிடும். இந்தப் பதினைந்து டிகிரி வித்தியாசம்தான் வீடு கட்டுபவரின் மூலதனம். இரவின் குளிர்ச்சியைச் சுவரிலும் தரையிலும் பிடித்துவைத்துப் பகல் முழுக்கச் செலவழிக்கிற மாதிரி வீட்டை வகுக்க வேண்டும். கடலோர ஊர்களில் பழகியவர்கள் நாலு பக்கமும் பெரிய ஜன்னல் கேட்பார்கள். இங்கே பகல் 11 மணிக்கு ஜன்னலைத் திறந்தால் அனல்தான் வரும், கூடவே மணலும்.

ஐந்து பேருக்கு 120 சதுர மீட்டர் வீடு என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்கில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை. சாயங்கால வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். படுக்கையறைகள் வடக்கில். சமையலறையை வாஸ்து பார்த்துத் தென்கிழக்கில் வைத்தாலும் குடி முழுகிவிடாது, மேற்கில் மட்டும் வேண்டாம். முற்றம் 4 மீட்டருக்கு 4 மீட்டர் போதும். கோடை நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் எவ்வளவு சிறிய முற்றத்துக்கும் மேலே துணிப் பந்தல் தேவை. காலை 8 மணிக்கு இழுத்துவிட்டு, இருட்டியதும் சுருட்டிவிட வேண்டும். சுருட்டாமல் விட்டால் தரையின் சூடு வானத்துக்குப் போக வழியில்லாமல் வீட்டிலேயே தங்கும்.

தெற்கு ஜன்னல் 1.2 மீட்டர் உயரமென்றால், அதன் மேல்விளிம்பை ஒட்டி 60 செ.மீ. சன்ஷேட் போடுங்கள். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை உச்சி வெயில் கண்ணாடியில் படாது. டிசம்பரில் சூரியன் தாழ்ந்து வரும்போது ஜன்னலின் கீழ்ப்பாதி வழியே வெயில் உள்ளே விழும். இரவில் 8 டிகிரிவரை குளிரும் ஊரில் அது தேவையும்கூட. மேற்கில் இந்தக் கணக்கு பலிக்காது, மாலைச் சூரியன் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். அங்கே ஜன்னல் இல்லாமலிருப்பதே நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் துளைகள் செதுக்கிய கல் ஜாலியோ வெளிப்பக்கம் சாத்தும் மரக் கதவோ வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெளிச்சத்தை மறைக்குமே தவிர, கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டைத் திருப்பி அனுப்பாது.

உள்ளூர் மஞ்சள் மணற்கல்லில் 45 செ.மீ. சுவர் எழுப்பினால் சூடு மறுபக்கம் வந்து சேரச் சுமார் பத்து மணி நேரமாகும். அதாவது மாலை 5 மணிக்கு மேற்குச் சுவரில் ஏறிய சூடு பின்னிரவு 3 மணிக்குக் கட்டில் பக்கம் வந்து நிற்கும். அந்தக் காலத்தில் கோடை இரவில் எல்லோரும் மாடியில் படுத்தார்கள், அது அவர்களைத் தொடவில்லை. அறைக்குள் படுப்பவர்கள் கிழக்கு, மேற்குச் சுவர்களை மூன்று அடுக்காகக் கட்ட வேண்டும்: உள்ளே 30 செ.மீ. கல், அதற்கு வெளியே 5 செ.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை), கடைசியாக 10 செ.மீ. கல் வரிசை. இரண்டு கல் வரிசைகளையும் பிணைக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 60 செ.மீ.க்கு ஒன்று. செலவு குறைகிறது என்று பலகையை உட்புறம் ஒட்டி மேலே பூச ஒப்பந்தக்காரர் யோசனை சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்லுக்கும் அறைக்கும் நடுவே பலகை வந்துவிட்டால் கல்லின் குளிர்ச்சி உங்களுக்கு எட்டாது.

காசு குறைவாக இருந்தால் சுவரில் விட்டுக்கொடுங்கள், கூரையில் வேண்டாம். வெறும் 15 செ.மீ. கான்கிரீட் தளம் நடுப்பகல் சூட்டை நான்கைந்து மணி நேரத்தில் கீழே இறக்கிவிடும். சரியாகச் சாயங்காலம், மின்விசிறி போட்டால் அனல் கொட்டும். தளத்தின் மேல் 100-க்கு 1 வாட்டம் கொடுத்த கலவை, அதன்மேல் நீர்க்காப்பு, பிறகு 5 முதல் 7.5 செ.மீ. எக்ஸ்.பி.எஸ்., அதற்கு மேல் 4 செ.மீ. கான்கிரீட், உச்சியில் உடைந்த வெள்ளை ஓடு. நீர்க்காப்பு, எக்ஸ்.பி.எஸ். பலகைக்கு அடியில் இருந்தால்தான் பகல் விரிவு, இரவுச் சுருக்கத்தில் வெடிக்காது. மேல் கான்கிரீட்டை 2 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து இடைவெளி விடாவிட்டால் முதல் கோடையிலேயே விரிசல் விடும். பலகை கிடைக்காத இடத்தில் மட்குடங்களைக் கவிழ்த்து அடுக்கிச் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்த்த கலவையால் நிரப்பும் பழைய முறையும் பயன்படும், பாரம் கூடும் என்பதைப் பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளை ஓட்டின் மேல் மண் படிந்தால் வெயிலைத் திருப்பும் திறன் போய்விடும், ஒவ்வொரு புழுதிக்காற்றுக்கும் பிறகு பெருக்க வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு படுத்தால் வீண். வெளியே வீட்டைவிடக் குளிர்ந்ததும் கீழ் ஜன்னல்களைத் திறந்து, படிக்கட்டு உச்சியில் மணிக்கு 4,000 கன மீட்டர் இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டால் வீட்டுக் காற்று மணிக்குப் பத்து முறை மாறும். காலை 7 மணிக்குள் எல்லாவற்றையும் சாத்திவிட வேண்டும். திருட்டுப் பயத்தால் திறக்காமல் விடுபவர்களே அதிகம், அதனால் கம்பியும் கொசுவலையும் முதலிலேயே திட்டத்தில் இருக்கட்டும்.

ஏப்ரல் முதல் ஜூன்வரை ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும், காற்று அவ்வளவு உலர்ந்திருக்கும். எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்காவிட்டால் அறை புழுங்கும். ஜூலையில் ஈரப்பதம் ஏறியதும் அதை நம்ப முடியாது. நடுத்தர அளவுக் கூலரே மணிக்கு 15, 20 லிட்டர் குடிக்கும், உப்புத் தண்ணீரென்றால் பட்டைகள் விரைவில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

குடிநீருக்குத் தாங்கா எனப்படும் நிலத்தடித் தொட்டி. ஆண்டு மழை 160 மி.மீ. என்று வைத்தால், 100 சதுர மீட்டர் கூரையிலிருந்து இழப்பு போக 12,800 லிட்டர் சேரும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 7 லிட்டர் வீதம் ஒரு வருடத்துக்குச் சரியாக இருக்கும். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் ஆழம் போதும், 14,000 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொரு பருவத்திலும் முதல் மழையில் 200 லிட்டரைத் தனிக் குழாயில் வெளியேற்றிவிடுங்கள், கூரைப் புழுதியும் பறவை எச்சமும் அதில்தான் இருக்கும். மழை பொய்க்கும் வருடங்களும் வரும் என்பதால் லாரித் தண்ணீர் ஊற்ற மூடியுள்ள வாய் ஒன்று வேண்டும். குளித்த தண்ணீர் வேம்புக்கும் வன்னி மரத்துக்கும் போகட்டும், சமையலறைத் தண்ணீரை எண்ணெய் வடிகட்டாமல் விட்டால் மண் அடைத்துக்கொள்ளும்.

கட்டுமானத் தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது, இப்பகுதியில் பல கிணறுகள் அதைத் தாண்டும். மீறினால் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும். க்யூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது, பத்து நாளுக்குக் குறையக் கூடாது. மேலே ஊற்றும் தண்ணீர் அரை மணியில் ஆவியாகிவிடுமாதலால் நனைத்த சாக்கைப் பரப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். முடிந்தால் கான்கிரீட் வேலையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.