வண்டித் தொல்லை இல்லாமல் சேர்வராயன் மலை: சைக்கிளில் இரண்டு நாள்

ஏற்காட்டுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் அடிவாரம் வழியாக ஏறி அதே வழியில் இறங்குகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு, அகலமான தார் ரோடு, படம் எடுக்க இடம். ஆனால் ஏறும்போது உங்கள் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். பஸ்ஸும் காரும் 30, 35. இரண்டு மூன்று மணி நேரம், மேலே போகிற அத்தனை வண்டியும் உங்களை ஒதுக்கித் தாண்டித்தான் போக வேண்டும். இறங்கும்போது நிலைமை வேறு. நீங்களும் 30, அவர்களும் 30. பின்னால் வருகிறவருக்கு உங்களைத் தாண்டும் அவசரமே இருக்காது. ஆகவே ஏறுவதற்கு ஆளில்லாத ரோடு, இறங்குவதற்குப் பெரிய ரோடு. சேலத்திலிருந்து குப்பனூர் போய், கோட்டச்சேடு வழியாக ஏறுங்கள். மறுநாள் அடிவாரத்துப் பக்கம் இறங்குங்கள்.

குப்பனூர் வழி ஒடுக்கமானது, சில துண்டுகள் செங்குத்தானவை. உங்கள் சைக்கிளில் அதற்கேற்ற கியர் இல்லை என்றால் வீம்பு வேண்டாம். வார நாளில் விடியற்காலை 5 மணிக்கு அடிவாரத்தில் இருந்தால், பெரிய ரோட்டிலேயே முதல் இரண்டு மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும். அந்த ஏற்றம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டர்தான் உயரும். சீராக மிதித்தால் மூச்சு முட்டாது.

நாள் பார்க்காமல் கிளம்பினால் எந்த ரோடும் காலியாக இருக்காது. செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. சனி ஞாயிறு, பள்ளி விடுமுறை, மே மாதக் கோடை விழா இவற்றை விட்டுவிடுங்கள். விழா நாட்களில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு. அன்று இந்தத் திட்டம் முழுதாகத் தலைகீழாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும், பாறை உருண்டு வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஜனவரி, பிப்ரவரி இரண்டும் சைக்கிளுக்கு ஏற்ற மாதங்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஒரு நல்ல மழை விழுந்து பத்து நாள் கழித்துப் போனால் காப்பிச் செடி பூத்திருக்கும். மல்லிகை போல வெள்ளை, வாசமும் கிட்டத்தட்ட அதே. வெயிலைத் தாங்க முடிந்தவர்களுக்கு அந்த வாரம்தான்.

இப்போது கியர். ஏற்காட்டுத் திட்டங்கள் அதிகமாகக் கெடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆள் 70 கிலோ, சைக்கிள் 14, பைகள் 11. மொத்தம் 95 கிலோ. செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.17 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.8 கிலோமீட்டர். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் இடத்தில் இந்த வேகத்தைப் பிடிக்க 220 வாட் வேண்டும். தினமும் பயிற்சி எடுக்காதவர் மணிக்கணக்கில் தரக்கூடியது 130 முதல் 150 வாட். முன்னால் 22 பல் இருந்தால் அதே 60 சுற்றுக்கு வேகம் 5 கிலோமீட்டர், தேவை 145 வாட்டுக்குள். நடப்பதைவிட ஒரு பிடி வேகம், அவ்வளவுதான். ஆனால் முழங்கால் தப்பிக்கும். எனவே பழைய மலை சைக்கிளில் (எம்டிபி) வரும் 22-32-42 முன்பல் செட்டும் பின்னால் 34 பல்லும் இருந்தால் போதும். பந்தய சைக்கிளில் பை கட்டிக்கொண்டு குப்பனூர் ஏறுவது, அம்மியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது மாதிரி.

டயர் 700×35, அதாவது 35 மில்லிமீட்டர் அகலம். காற்றழுத்தம் பின்னால் 55 பிஎஸ்ஐ, முன்னால் 45. இதற்கு மேல் காற்று அடித்தால் உடைந்த தார் ஓரத்தில் கை மரத்துப்போகும். ரொம்பக் குறைத்தால் பள்ளத்தில் விழும்போது ரிம் டியூபை இரண்டு இடத்தில் கடித்துவிடும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேடாதீர்கள், காற்றுக் குறைவுதான் காரணம்.

பையை முழுக்கப் பின் கேரியரில் ஏற்றாதீர்கள். செங்குத்தில் சின்ன கியரில் மிதிக்கும்போது முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். பின் சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக் உடைவதும் இதனால்தான். 11 கிலோவில் 4 கிலோ முன்னால் போகட்டும். சாமான் இவ்வளவு போதும்: டியூப் 2, பஞ்சர் கிட், பம்ப், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, செயின் டூல், செயின் இணைப்பு ஒன்று, ஒரு ஜோடி ப்ரேக் ஷூ அல்லது பேட், பின் சிவப்பு விளக்கு, மழைச் சட்டை. தண்ணீர் 2 லிட்டர். இடையில் கடை இருக்கும் என்று நம்பி ஏற வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பின் டீரெய்லரை, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கையை, ஒருமுறை சோதியுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி, பெரிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றி, டீரெய்லரை விரலால் ஸ்போக் பக்கம் தள்ளுங்கள். செயின் பல்லைத் தாண்டி உள்ளே விழ முயன்றால், எல் என்று எழுதிய திருகைக் கால் சுற்று இறுக்குங்கள். ரயிலிலோ பஸ் கூரையிலோ வந்த சைக்கிளில் டீரெய்லர் மாட்டும் கொக்கி உள்பக்கம் வளைந்திருப்பது சகஜம். சமவெளியில் அது தெரியாது. முதல் செங்குத்தில் பெரிய பல்லுக்கு மாற்றும்போதுதான் செயின் ஸ்போக்குக்குள் போய் எல்லாவற்றையும் முறுக்கும்.

குப்பனூரில் காலை 6 மணிக்கு ஏறத் தொடங்குங்கள். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500ஐ ஒட்டி. 150 வாட்டில் நிற்காமல் மிதித்தால் மலை ஏற்றத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். நின்று தண்ணீர் குடித்துப் போனால் மூன்றரை. முதல் அரை மணி நேரம் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவுக்குத்தான் அழுத்த வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ. பசித்த பிறகு தின்றால் அது காலுக்குப் போய்ச் சேர நேரமாகும்.

வளைவுக்கு முன்பே கியரை இறக்குங்கள். வளைவுக்குள் முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் குதிக்கும், சில சமயம் அறும். இடப்பக்க வளைவில் உள் ஓரம்தான் அதிகச் செங்குத்து. எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் ரோட்டின் நடுவை ஒட்டிப் போங்கள், சரிவு நன்றாகக் குறையும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஆனால் பஸ் ஒன்று வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு இறங்கி வந்தால் சட்டம் பேச நேரமில்லை; வளைவுக்கு முன்பே இடப்பக்கம் காலை ஊன்றி நின்றுவிடுங்கள்.

மேலே வந்த பிறகு ஏரியைச் சுற்றிச் சுண்டல் தின்று அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள் பலர். ஏற்காட்டின் நல்ல சைக்கிள் ரோடு ஏரியில் தொடங்கி ஏரியில் முடியும் 32 கிலோமீட்டர் லூப் ரோடு. லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் கூட்டம் ஊரோடு நின்றுவிடும். அதைத் தாண்டினால் இரு பக்கமும் காப்பி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக், ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமெல்லாம் சைக்கிள் செயின் சத்தம் கேட்கும் அமைதி. காலை 7 முதல் 8 வரை தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரும், சாயங்காலம் திரும்பும். நடுவில் உங்கள் ராஜ்ஜியம்.

மேலே வந்தாயிற்று, இனி சமதளம் என்று நினைப்பதுதான் தவறு. லூப் ரோடு ஏறி இறங்கி ஏறி இறங்கியே போகும். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்து, நிற்கும் நேரத்தோடு 4 மணி நேரம் ஒதுக்குங்கள். இத்தாலியின் திராட்சைத் தோட்ட மலைகளும் இதே குணம்தான். லாங்கே பகுதியில் லா மோரா மாதிரி ஊர்கள் முகட்டில் இருக்கும், ஒவ்வொரு ஊருக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அங்கே போகும் எண்ணம் இருந்தால், அடிவாரத்து மலைப்பாதையை ஒருமுறை ஏறுவதைவிட லூப் ரோட்டை ஒரே நாளில் இரண்டு சுற்று வருவதே சரியான பயிற்சி. இத்தாலியின் இன்னொரு திராட்சைப் பகுதியான கியாந்தியின் வெள்ளைச் சரளை ரோடுகளுக்கும் 35 டயர் தாங்கும். 1997இல் காயோலே ஊரில் தொடங்கிய லெரோய்க்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டம் அந்தச் சரளை ரோடுகளைத் தார் போடாமல் காப்பாற்றத்தான். ஒன்று நினைவிருக்கட்டும்: அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், செங்குத்து வளைவு உங்களுக்கு வலப்பக்கம் வரும்.

லூப் ரோட்டில் பிரியும் மண் பாதைகள் பலவும் எஸ்டேட்டுக்குச் சொந்தமானவை. கேட் திறந்திருந்தாலும் காவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். காட்டு மாடு ரோட்டில் நின்றால் 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். மணி அடிக்க வேண்டாம். அதுவாகப் போகும், அல்லது பின்னால் ஒரு ஜீப் வரும், அதன் மறைவில் போகலாம். குரங்குக்குப் பயப்பட வேண்டியது ஹேண்டிலில் தொங்கும் பிளாஸ்டிக் பைக்கு மட்டும்தான்.

மறுநாள் காலை 6:30க்கு இறக்கம். 95 கிலோவை 1,200 மீட்டர் இறக்குவதில் வெளிவரும் சூடு, மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி உங்கள் ப்ரேக்கில். ரிம்மைப் பிடிக்கும் ஷூ ப்ரேக் என்றால் சூடு ரிம்முக்குப் போய் டியூபில் ஒட்டிய பஞ்சர் பேட்ச் கழன்றுவிடும், சில நேரம் டியூபே வெடிக்கும். அதனால் லேசாகப் பிடித்தபடியே இறங்காதீர்கள். நேர் பாதையில் விடுங்கள், வளைவுக்கு முன் இரண்டு ப்ரேக்கையும் அழுத்தி 15க்குக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஐந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்; சுர்ரென்றால் பத்து நிமிடம் உட்காருங்கள். டிஸ்க் ப்ரேக்கின் தட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டு கோணிக்கொள்ளும். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனால், கேபிள் ப்ரேக்கில் லீவர் முனைத் திருகை அரைச் சுற்று வெளியே திருப்புங்கள். ஆயில் ப்ரேக் என்றால் ஆற விடுவது ஒன்றே வழி. பேட் 1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மலையிலேயே மாற்றிவிடுங்கள்.

நனைந்த சில்வர் ஓக் இலை எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். இலைக் குவியல் மேல் ப்ரேக் பிடிக்காதீர்கள். பனி இருந்தால் பகலிலும் சிவப்பு விளக்கு எரியட்டும். ஜாக்கெட் இல்லாதவர்கள் சட்டைக்குள் நெஞ்சை மறைக்க நாலு மடிப்பு பழைய பேப்பர் வைத்துக்கொள்ளலாம், குளிர் காற்று ஏறாது. கோரிமேடு வருவதற்குள் வியர்த்துவிடும், அங்கே டீக்கடையில் நின்று எடுத்துவிடுங்கள்.