ரெண்டு பிராசஸர் இருந்தும் சர்வர் ஏன் நகரவில்லை?

வேலூரில் பழைய சர்வர் வாங்கும் ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்துவிட்டது. கம்பெனிகள் கழித்துவிட்ட இரட்டை பிராசஸர் பெட்டிகளைச் சென்னை ரிச்சி தெருவில் பிடித்து, காட்பாடி பஸ்ஸிலேயே மடியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். ஃபேன் தூசி, காய்ந்த பேஸ்ட் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், விடுங்கள். ஆனால் ரெண்டு பிராசஸர் இருந்தும் வேகம் வராமல் செய்யும் தவறுகள் வேறு, அவை இதோ.

மெமரி முழுவதையும் ஒரே பக்கம் சொருகுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. 2009-ல் வந்த ஜியான் 5500 முதல், இன்டெலின் இரட்டை சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) சர்வர்களில் மெமரி கன்ட்ரோலர் (ரேமோடு பேசும் பகுதி) பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சாக்கெட்டை ஒட்டிய ஸ்லாட்டுகளும் அந்த பிராசஸருக்கே சொந்தம். எல்லா ரேமும் முதல் பிராசஸர் பக்கம் போனால், இரண்டாவது பிராசஸர் எதற்கெடுத்தாலும் ரெண்டு பிராசஸரையும் சேர்க்கும் இணைப்பைத் (இந்தப் பழைய பெட்டிகளில் க்யூபிஐ) தாண்டிப் பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் இறைக்க வேண்டும்.

சத்துவாச்சாரியில் ஒரு தம்பி ஜியான் இ5-2600 பெட்டியில் சிமுலேஷன் ஓட்டினார். பாதி கோர்களுக்கு மேல் வேகம் ஏறவே இல்லை. "அண்ணா, ரெண்டாவது பிராசஸர் போயிடுச்சு" என்று இன்னொன்றும் வாங்கிவிட்டார். மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் எட்டு ஸ்டிக், மறுபக்கம் சுத்தமாகக் காலி. அந்த பிராசஸருக்கு நான்கு சேனல், அதாவது ரேமுக்குப் போகும் நான்கு பாதை. டிடிஆர்3-1600 என்றால் சேனலுக்கு நொடிக்கு 12.8 ஜிபி, ஆக 51.2. ரெண்டு பிராசஸரும் அதையே பிய்த்துக்கொண்டிருந்தன. பக்கத்துக்கு நான்காகப் பிரித்தோம், 102.4 ஆனது. செலவு பூஜ்யம். புது பிராசஸரை மட்டும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

திறந்து பார்க்கவே வேண்டாம். லினக்ஸில் நியூமாசிடிஎல் கட்டளை ஒவ்வொரு நோடுக்கும் (ஒரு பிராசஸரும் அதன் மெமரியும்) எவ்வளவு மெமரி என்று காட்டிவிடும். ஒரு நோடில் 0 என்று வந்தால் இதே கதைதான்.

அப்புறம், ஸ்டிக்கைச் சரியாகப் பிரித்தும் ஏமாறலாம். மெமரியின் ஒரு பேஜை (லினக்ஸ் பிரித்துக் கொடுக்கும் சிறு துண்டு) எந்த பிராசஸர் முதலில் தொடுகிறதோ, அதன் பக்கமே லினக்ஸ் வழக்கமாக இடம் ஒதுக்கும். ஒரே த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) மொத்த அரேயையும் (டேட்டா வரிசையையும்) பூஜ்யமாக்கினால் டேட்டா மறுபடி ஒரே மூலையில் குவியும். அந்த வேலையையும் த்ரெட்டுகளுக்குப் பங்கு போடுங்கள்.

எஃப்எஸ்பி காலத்துப் பெட்டியை வாங்குவது

2004-ல் வந்த இரட்டை ஜியானில் ரெண்டு பிராசஸருக்கும் ஒரே பஸ், எஃப்எஸ்பி என்ற பொதுப் பாதை. 800 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 6.4 ஜிபி, அதிலும் பங்கு. ஏஎம்டி ஆப்டெரான் மெமரி கன்ட்ரோலரை உள்ளேயே வைத்து 2003-லேயே இதிலிருந்து தப்பிவிட்டது. மலிவு என்று தூக்கிவராதீர்கள்.

பயாஸில் நோடு இன்டர்லீவிங்கை ஆன் செய்வது

இது ரெண்டு பக்க மெமரியையும் மாற்றி மாற்றிக் கலந்துவிடும், எது அருகில் என்று லினக்ஸுக்கே தெரியாது. ஆஃபில் விடுங்கள்.

த்ரெட் கவுன்ட்டர்களை ஒட்டி ஒட்டி வைப்பது

த்ரெட்டுகள் தங்கள் எண்ணிக்கையை எழுதும் இடங்கள் ஒட்டியிருந்தால் ஒரே கேஷ் லைனில் (பிராசஸர் ஒரே மூச்சில் எடுக்கும் 64 பைட் துண்டு) விழும். அதில் ரெண்டு பிராசஸர் எழுதினால் அந்த லைன் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். 64 பைட் இடைவெளி விட்டால் போதும்.