கடாரத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது எப்படி?

சரித்திரப் புத்தகத்தைத் திறந்ததுமே பிள்ளைகள் ராஜாக்களின் பெயரையும் ஆண்டையும் உருப்போட உட்கார்ந்துவிடுகிறார்கள். கெடா மாநிலத்துப் பீடோங்கில் இருந்துகொண்டு அப்படிப் படிக்க வேண்டியதே இல்லை, கெடாவின் பழைய துறைமுக அரசான கடாரம் நம் செம்பனைத் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே புதைந்து கிடக்கிறது. ராஜாவை அப்புறம் பார்க்கலாம், முதலில் வரைபடத்தை விரியுங்கள்.

அதில் மலை எங்கே, ஆறு கடலில் சேரும் இடம் எங்கே என்று பிள்ளையையே தேடவிடுங்கள். குனோங் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைத் தாண்டி வரும் மாலுமிக்குக் கரை தெரியும் முன்பே அதன் உச்சி தெரிந்துவிடும். அடிவாரத்தில் மெர்போக் ஆறு, மரக்கலம் ஒதுங்க நல்ல இடம்.

அடுத்து காற்று. இதை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது. தென்மேற்குக் காற்றில் இந்தியாவிலிருந்து வந்த கப்பல், வடகிழக்குக் காற்று எழும்வரை ஊர் திரும்ப முடியாது. சீனக் கப்பலோ அந்த வடகிழக்குக் காற்றில்தான் தெற்கே இறங்கி வரும். ஆக, மாதக்கணக்கில் காத்திருப்பு. காத்திருப்பவனுக்கு அரிசி வேண்டும், தண்ணீர் வேண்டும், சரக்கை இறக்கிவைக்க இடம், கும்பிட ஒரு கோயில், தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஓர் ஆள் என்று எல்லாமே வேண்டும். அந்த ஆளின் கை ஓங்கிய இடத்தில்தான் துறைமுக அரசு பிறந்தது என்பேன்.

சரி, விற்க என்ன இருந்தது? காட்டிலிருந்து கற்பூரம், அகில். பக்கத்துச் சுங்கை பத்துவில் உருக்கிய இரும்பு. உலைக்குள் காற்று ஊதிய களிமண் குழாய்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. முடிந்தால் பிள்ளையை ஒரு நடை அழைத்துப் போய்க் காட்டுங்கள், மெர்போக் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ஆட்சி என்பதை விளக்க, தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரைச் சொல்லுங்கள். தராசு யார் கையிலோ அவர் பேச்சுதான் அங்கே எடுபடும். மலாக்காவில் அந்தப் பொறுப்பு ஷாபண்டார் என்ற துறைமுக அதிகாரிகளுடையது: நான்கு பேர், குஜராத்திகளுக்கு ஒருவர், சீனா பக்கத்தவருக்கு ஒருவர் என்று வணிகர்களைப் பிரித்துக்கொண்டு கவனித்தார்கள்.

உடனே கம்போடியாவின் அங்கோரையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அது நெல் அரசு, மேற்கு பராய் ஏரி மட்டுமே சுமார் 8 கிலோமீட்டர் நீளம். வெட்டிய ஏரி எங்கும் நகராது. கப்பல் அப்படியில்லை, வரி அதிகம் என்றால் வேறு துறைக்குத் திரும்பிவிடும். அதனால் கடலோர அரசன் அண்டைத் துறைகளையும் தன் பிடியில் வைக்கப் பார்த்தான், சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசு பெரிதானதும் அப்படித்தான்.

இப்போது ராஜாக்களைக் கொண்டுவாருங்கள். ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசனின் பெயரால் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை எழும்பியது, சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார்கள். ராஜராஜன் மகன் ராஜேந்திரனோ 1025-இல் கடாரத்தின் மீதே படையெடுத்தான். நட்பு ஏன் முறிந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள், விரல் வரைபடத்தில் மலாக்கா நீரிணைக்குப் போகும்வரை விடையைச் சொல்லாதீர்கள். அப்புறம் 1511: போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததும் முஸ்லிம் வணிகர்கள் எந்தெந்தத் துறைகளுக்கு மாறியிருப்பார்கள்? சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் அச்சேயைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.