கிளை அலுவலகத்தில் ஈரமில்லாத முகாமையாளரிடம் சிக்கிக்கொண்டால்

தலைமை அலுவலகம் கொழும்பிலும் கிளை கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கும் பல நிறுவனங்களில், மேலிடத்தோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தடையின்றிப் பேசக்கூடியவர் கிளை முகாமையாளர் ஒருவராகவே இருப்பார். அவர் நல்லவராயின் அது கிளைக்கு வரம். இரக்கமும் குற்றவுணர்வும் அற்றவராயின், நமது வேலையும் பெயரும் அவர் சொல்லும் கதையாகவே கொழும்பைச் சென்றடையும். எனவே அவரை மாற்ற முயல்வதை விட, அந்த ஒற்றை வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறப்பதே நாம் செய்யக்கூடியது.

அதற்கு முன், 'சைக்கோ' என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். சைக்கோபதியை, அதாவது இரக்கமும் குற்றவுணர்வும் அற்ற ஆளுமையை, அளக்கக் கனடிய உளவியலாளர் ரொபர்ட் ஹெயார் வகுத்த அளவுகோலில் 20 கூறுகள் உள்ளன. மொத்தப் புள்ளி 40. பொதுவாக 30 புள்ளியை எட்டுபவரையே சைக்கோபதி உடையவராகக் கொள்வர். அதையும் பயிற்சி பெற்றவர் நேர்காணலோடும் பழைய ஆவணங்களோடும் ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும். ஹெயார் வேறு இருவரோடு சேர்ந்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், 203 நிறுவன அலுவலர்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினர் அந்த எல்லையை எட்டியிருந்தனர். புள்ளி கூடியவர்கள் பேச்சிலும் புதிய யோசனையிலும் சிறந்தவர்களாகவும், பொறுப்பிலும் குழுவாக வேலை செய்வதிலும் பின்தங்கியவர்களாகவும் மதிப்பிடப்பட்டிருந்தனர் என்பதே எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது. பேச்சு மேலே தெரியும். பொறுப்பின்மை கீழே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வன்னியில் இன்னொரு கவனமும் வேண்டும். 2009 ஐக் கடந்து வந்தவர்களில், சாவீட்டிலும் கண் கலங்காமல் நிற்பவர்களை நாம் அறிவோம். அது உள்ளே மரத்துப்போன துயரம், ஈரமின்மை அன்று. மரத்துப்போனவர் பிறரின் வலியிலிருந்து ஒதுங்கி நிற்பார். நான் இங்கே குறிப்பிடும் மனிதரோ அந்த வலியைக் கேட்டறிந்து, தேவைப்படும் நாள்வரை பத்திரமாக வைத்திருப்பார்.

நான் முன்பு வேலைசெய்த இடத்துக்கு வந்த முகாமையாளர், முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, தேநீர் கொடுத்து, வீட்டு நிலைமையை அத்தனை அக்கறையோடு விசாரித்தார். நாங்களும் உருகிப்போய், அடகில் இருக்கும் தாலிக்கொடி முதல் தம்பியை வெளிநாடு அனுப்பப் பட்ட கடன் வரை கொட்டிவிட்டோம். சில மாதங்களின் பின், வசூல் பதிவொன்றின் திகதியை மாற்றி ஒப்பமிட மறுத்த ஒரு தங்கச்சியிடம், எல்லோர் முன்னிலையிலும் சிரித்தபடியே, "இவ்வளவு கடனோட வேலையை விட்டுட்டு என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டார். அவள் ஒப்பமிட்டாள். ஆகவே, புதிதாக வருபவர் எவ்வளவு இனிமையானவராயினும், வீட்டுக் கடனையும் குடும்பச் சிக்கலையும் அலுவலகத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

அடுத்தது எழுத்து. இத்தகையவர்கள் முக்கியமான உத்தரவுகளை வாயால் மட்டுமே சொல்வார்கள். கேட்டுவிட்டு வந்து, "இன்று காலை நீங்கள் கூறியபடி இதைச் செய்கிறேன், சரிதானே?" என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ பணிவாக ஒரு வரி அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவாகிவிடும். கூடவே ஒரு சீஆர் கொப்பியில் திகதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தை, அருகில் இருந்தவர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி, கொப்பியை வீட்டில் வையுங்கள். "கொடுமைப்படுத்தினார்" என்று எழுதுவதில் பயனில்லை. அவர் சொன்னதையும் செய்ததையும் அப்படியே எழுதுங்கள்.

தலைமை அலுவலகத்துக்கு முறையிடுவதாயின், மூன்று நான்கு பேர் சேர்ந்து, குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இன்றி, மாற்றப்பட்ட பதிவு, குறைந்த தொகை, திகதி என நிறுவனத்துக்கு நட்டம் தரும் விடயங்களை மட்டும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்; ஆனால் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து இணைத்துவிடுங்கள், இல்லாவிடில் அதை மொழிபெயர்க்கும் பொறுப்பு மீண்டும் அவரிடமே போகக்கூடும்.

மிகவும் அவதானமாக இருக்க வேண்டிய இடம் இராஜினாமா கடிதம். 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் தனியார் நிறுவனத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்கள் வேலைசெய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்த அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ தேவை என்கிறது வேலைநீக்கம் பற்றிய 1971 ஆம் ஆண்டின் சட்டம். "நீங்களே எழுதித் தந்துவிட்டால் உங்கள் பெயர் கெடாது" என்ற ஆறுதல் வார்த்தைக்குப் பின்னால் இருப்பது அந்தச் சட்டம்தான்; நீங்களே விலகியதாகக் கடிதம் இருந்தால் அந்த அனுமதியைக் கேட்க வேண்டியதில்லை. திகதியிடாத தாளில் ஒப்பமிடாதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். வேலையை விட்டு நிறுத்தினால், தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க 6 மாதங்களே உண்டு. ஊரில் பெரியவர்களைக் கொண்டு சமரசம் பேசலாம் என்று காத்திருந்து அந்தக் காலத்தைத் தொலைத்துவிட வேண்டாம். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், நியமனக் கடிதம், சம்பளப் பற்றுச்சீட்டுகள், அந்தக் கொப்பி ஆகியவற்றோடு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு அந்த வாரத்திலேயே போய்விடுங்கள்.