கொள்முதல் நிலையத்துக்கு மைக்கோடு போகிறவர்களுக்கு

குறுவை அறுப்பு முடிந்து மழையும் சேர்ந்து வரும் நாட்களில், திருவாரூர் பக்கம் அரசு நெல் வாங்கும் எந்த நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் பாட்காஸ்டுக்கோ வானொலிக்கோ போடக் கதை கிடைக்கும். "விவசாயிகள் காத்திருக்கிறார்கள்" என்று நீங்கள் வாசித்தால் யாருக்கும் உறைக்காது. குவியலில் இருந்து ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்து 'கடக்'கென்று கடித்து, "காஞ்சுடுச்சு தம்பி, இன்னும் என்ன காயணும்?" என்று ஒருவர் கேட்பது பதிவானால் போதும், கேட்பவர் களத்தில் வந்து நிற்பார். அந்தக் 'கடக்'கைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடும்.

கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம், போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) ஃபைலாகப் பதியுங்கள், சத்தமாகப் பேசும் இடத்திலும் திரையில் காட்டும் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். காற்றடித்தால் மூட்டை அடுக்குக்குப் பின்னால் உட்கார வையுங்கள்.

பதியும்போதே மாட்டிக் கேட்க இயர்போன் மட்டும் மறக்கவே கூடாது. மன்னார்குடிப் பக்கம் ஒரு பெரியவரிடம் நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் பக்கத்தில் ஓடிய தூற்றும் மிஷின்தான் பேசுகிறது, அவரைக் காணோம். நம் காது மிஷினை ஒதுக்கிவிட்டு மனுஷரைக் கேட்கும், மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பேட்டிக்கு முன்னால் டீக்கடையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டுவிடாதீர்கள், இரண்டாவது தடவை சொல்லும்போது கோபம் ஆறிப்போயிருக்கும். "ஈரப்பதம் எவ்வளவு சொன்னாங்க?" என்றால் "பத்தொன்பது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், உங்கள் கேள்வியை வெட்டியபின் அதை எங்கே வைப்பீர்கள்? "மெஷின்ல நெல்லைப் போட்டப்ப என்ன ஆச்சு, மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். நடுவில் 'ம்ம்' கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். அவர் முடித்தபிறகும் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள், பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் சரக்கு வரும்.

அப்புறம், பேரையும் குரலையும் போடலாமா என்று கடைசியில் இன்னொரு தடவை கேளுங்கள். குரலை வைத்தே ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த போகத்து நெல்லையும் அவர் அதே நிலையத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும்.

கிளம்புமுன் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் அந்த இடத்தைச் சும்மா பதியுங்கள். தார்ப்பாய் படபடப்பது, மூட்டை தராசில் விழுவது, சாக்கு தைப்பது எல்லாவற்றையும் கிட்டே போய்த் தனித்தனியாக. வெட்டி ஒட்டிய இடங்களை மறைக்க இவைதான் கைகொடுக்கும். ஒட்டும் வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளே போதும்.

நடுவில் நீங்கள் வாசிக்கும் பகுதியை எழுதும்போது எண்களை அடக்கி வையுங்கள். 1960களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த ஏடிடி 27 என்ற நெல் ரகத்தை வானொலி தஞ்சாவூர் வயல்களுக்குக் கொண்டுபோனது, ஜனங்கள் அதற்கு வைத்த பேர் 'ரேடியோ நெல்'. எழுத்தும் எண்ணும் உதிர்ந்துபோய், காதில் தங்கக்கூடிய பேர் நின்றது பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான விதி, மழைக் காலத்தில் சில சமயம் தளர்த்துவார்கள். உங்கள் கதைக்கு அந்த 17 ஒன்றே போதும், மூட்டைக்கு 40 கிலோ, ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று அடுக்கினால் எதுவும் நிற்காது. பேட்டி கொடுப்பவர் சொல்லப்போவதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லவும் கூடாது. அவரை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிவிடுங்கள்.

பதிவை ஏழெட்டு நிமிஷத்துக்குக் குறைத்தபிறகு, சமையல் வேலையிலோ மாட்டுக்குத் தண்ணி காட்டும் வேலையிலோ இருக்கும் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கவனம் கைவேலைக்குத் திரும்பியது என்று மட்டும் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே வெட்டுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அது நான் பேசும் இடமாகத்தான் இருந்திருக்கிறது.