பெற்றோர் சிறையில் இருக்கும்போது: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவோ அம்மாவோ சிறைக்குப் போனதும் வீட்டில் இருப்பவர்கள் முதலில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: "குழந்தைக்குத் தெரிய வேண்டாம்." அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் பின்னால் வரும் சிக்கல்களில் பல இந்த முடிவிலிருந்தே முளைக்கின்றன.

"வேலைக்காக வெளியூர் போயிருக்கார்"

வெளியூர் வேலை, ஆஸ்பத்திரி, "சீக்கிரம் வந்துடுவாங்க" ஆகிய மூன்றும் வழக்கமான கதைகள். வேலைக்குப் போனவர் ஏன் வீடியோ காலில் வருவதில்லை, ஆஸ்பத்திரியில் இருப்பவரை ஏன் போய்ப் பார்க்கக் கூடாது என்று குழந்தை கேட்கும். பதில் கிடைக்காவிட்டால் தானே ஒரு பதிலை உண்டாக்கிக்கொள்ளும். சின்னக் குழந்தைகள் தங்கள் கோபத்தாலும் சேட்டையாலும்தான் கெட்டது நடந்தது என்று நம்புவது இயல்பு. "அன்னிக்கு நான் அடம்பிடிச்சேன், அதான் அப்பா போயிட்டார்" என்ற எண்ணம் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும். பெரிய பிள்ளை என்றால் பள்ளியில் யாராவது சொல்லிவிடுவார்கள், அல்லது கைபேசியில் பெயரைத் தேடினால் செய்தியே வந்து நிற்கும். அப்போது வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர் மேல் வைத்திருந்த நம்பிக்கையும் போய்விடும்.

1989இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. அரசு ஒரு பெற்றோரைச் சிறைவைத்ததால் பிரிவு ஏற்பட்டால், அவர் எங்கே இருக்கிறார் என்ற அடிப்படைத் தகவலைக் கேட்கும்போது தர வேண்டும். குழந்தையின் நலனுக்கே கேடு என்றால் மட்டும் விதிவிலக்கு. அரசே சொல்ல வேண்டிய ஒன்றை வீட்டில் மறைப்பதில் அர்த்தமில்லை.

சொல்லும்போது மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: எங்கே இருக்கிறார், ஏன் (ஒரே வரியில்), உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள். தினமும் பார்த்துக்கொள்பவரே சொல்வது நல்லது. பகலில், அவசரமில்லாத நேரத்தில் சொல்லுங்கள். தூங்கப்போகும் முன்போ, சிறைக்குப் போகும் வழியிலோ வேண்டாம். 4 வயதுக் குழந்தைக்கு: "பெரியவங்களுக்கும் விதிமுறை இருக்கு. அப்பா ஒரு விதியை மீறிட்டார்னு ஜெயில்ல இருக்கார். உன்னால இல்ல. நான் உன்கூடத்தான் இருப்பேன்." வழக்கு இன்னும் முடியவில்லை என்றால், "மீறினாரா இல்லையான்னு நீதிபதி விசாரிக்கிறார்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும். தீர்ப்புக்கு முன்பே "தப்பு பண்ணிட்டார்" என்பதும் "ஒண்ணுமே பண்ணலை" என்பதும் பின்னால் திரும்பி அடிக்கும். பதின்ம வயதினரிடம் குற்றச்சாட்டின் பெயரையே சொல்லலாம். செய்திகளில் என்ன வந்திருக்கிறது, அதில் எது தவறு என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஜாமீனுக்குப் பணம் புரட்டும் பேச்சு, வக்கீலோடு தகராறு, குற்றத்தின் விவரங்கள் எல்லாவற்றையும் குழந்தையின் காதில் விழும்படி பேசுவது. குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் கேட்காது என்று நினைக்காதீர்கள்.

குழந்தை இருப்பதை நீதிமன்றத்திடம் சொல்லாமல் விடுவது

தினசரி பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் கைதாகும்போது இது பெரிய தவறாகிவிடும். தாய் சிறைக்குப் போனால் பிள்ளைகள் வீடு மாறுவதும், உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு வீட்டில் பிரிவதும் அடிக்கடி நடக்கிறது. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, மாற்றாக யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வழக்கறிஞர் எழுத்தில் கொடுக்க வேண்டும். முதன்மைப் பராமரிப்பாளருக்குத் தண்டனை விதிக்கும்போது குழந்தையின் நலனைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. எல்லா நாட்டிலும் இது சட்டமில்லை. ஆனால் சொல்லாத விஷயத்தை எந்த நீதிபதியும் கணக்கில் எடுக்க முடியாது.

தயார் செய்யாமல் பார்க்கக் கூட்டிப்போவது

முதல் சந்திப்பு கெட்டுப்போவதற்குச் சின்னச் சின்னக் காரணங்களே போதும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அனுமதிப் பட்டியலில் பெயர் ஏறவில்லை, உடை விதிமுறைக்கு ஒத்துவரவில்லை, பால் பாட்டிலை உள்ளே விடவில்லை. இவற்றை முந்தின வாரமே கேட்டு எழுதி வையுங்கள். கிளம்பும் நாள் காலையில் மறுபடி தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். திடீர் இடமாற்றம், நீதிமன்ற வாய்தா, சிறைக்குள் ஏதாவது பிரச்சினை என்று சந்திப்பு ரத்தாகலாம். வாசல் வரை போய்த் திரும்பும் குழந்தைக்கு, "அப்பா பார்க்க மாட்டேன்னுட்டார்" என்றுதான் தோன்றும்.

குழந்தையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: நடுவில் கண்ணாடி இருக்குமா, தொட்டுப் பேசலாமா, எவ்வளவு நேரம், எவ்வளவு காத்திருக்க வேண்டும், சீருடை போட்டவர்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார்கள், அப்பா வேறு உடையில் இருப்பார், ஒருவேளை மெலிந்திருப்பார். கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் கூட்டிப்போவதுதான் இருப்பதிலேயே கொடுமை. கட்டிப்பிடிக்க ஓடிவந்த குழந்தை கண்ணாடியில் போய் முட்டி நிற்கும். கண்ணாடி இல்லாத சந்திப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், பலர் கேட்பதே இல்லை. பெண் கைதிகளுக்கான ஐ.நா.வின் 2010ஆம் ஆண்டு பாங்காக் விதிகள், தாயும் குழந்தையும் தடுப்பின்றிப் பழக வழிசெய்யச் சொல்கின்றன. பார்வையாளர்களைச் சோதனையிடுவது இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது, உடலுக்குள் சோதிப்பதைக் குழந்தைகளிடம் செய்யக் கூடாது என்கின்றன கைதிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் 2015இன் நெல்சன் மண்டேலா விதிகள். விதி எண்ணோடு எழுதிக் கேட்டால் பதிலுக்கு வாய்ப்பு அதிகம்: பாங்காக் விதிகளில் 28, மண்டேலா விதிகளில் 60.

முடிய 5 நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். விடைபெற ஒரே மாதிரியான ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்வது உதவும்: உள்ளங்கையைக் கண்ணாடியில் வைப்பது, மூன்று முறை கையசைப்பது.

சந்திப்புக்குப் பிறகு குழந்தை கத்துவதைப் பார்த்து நிறுத்திவிடுவது

இரண்டு மூன்று நாள் படுக்கையில் சிறுநீர், எரிச்சல், ஒட்டிக்கொண்டே திரிவது எல்லாம் வரும். அதைப் பார்த்ததும் "இனிமே கூட்டிட்டே போகக் கூடாது" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிரிவின் வருத்தம்தான். பார்க்காமலே இருந்தால் அந்த வருத்தம் மறைவதில்லை, வெளியே வருவதுதான் நிற்கும். மறுநாள் தேர்வு வராத நாளாகச் சந்திப்பை வையுங்கள், சாயங்காலத்தைச் சும்மா விடுங்கள். எத்தனை நாளில் அடங்குகிறது என்று குறித்துவையுங்கள். வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போக வேண்டும்.

இதைவிட மோசம், சந்திப்பைத் தண்டனையாக்குவது. "மார்க் குறைஞ்சா அம்மாவைப் பார்க்கக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்ற வாக்கியத்தை எந்தச் சூழலிலும் சொல்லாதீர்கள்.

தொலைபேசியும் கடிதமும்

அழைப்பு நேரம் முடிந்ததும் தானாகத் துண்டிக்கப்படும் என்பதைக் குழந்தையிடம் சொல்லாவிட்டால், அப்பா பாதியில் வைத்துவிட்டார் என்றே நினைக்கும். பேச மூன்று விஷயங்களைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். உள்ளே இருப்பவருக்கும் குறிப்புகள் அனுப்புங்கள்: டீச்சர் பெயர், புதுத் தோழி, விழுந்த பல். "நல்லா படிக்கிறியா?" என்ற கேள்வியோடு அழைப்பு முடிந்துவிடாமல் இருக்கும். பணம், வழக்கு, பெரியவர்களின் சண்டை ஆகியவற்றைக் குழந்தை வழியாகச் சொல்லி அனுப்பவே கூடாது. அழைப்புகள் பதிவாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கடிதத்தில் ஸ்டிக்கர், மினுமினுப்புத் தூள், பசை இருந்தால் பல சிறைகள் திருப்பி அனுப்பிவிடும். முதலில் விதியைக் கேளுங்கள். வரைந்த படத்தைப் பிரதி எடுத்து அனுப்பிவிட்டு மூலத்தை வீட்டில் வையுங்கள்.

விடுதலை நாளைப் பற்றி எழுத்தில் உறுதி வரும்வரை தேதி சொல்லாதீர்கள். "உன் பொறந்தநாளுக்கு வந்துடுவேன்" என்று உள்ளிருந்து வரும் வாக்குறுதியையும் முன்கூட்டியே பேசித் தடுத்துவிட வேண்டும்.

சில வாக்கியங்கள்

"அப்பன் புத்தி அப்படியே இருக்கு." "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை." "அழுதா அம்மாவுக்குக் கஷ்டம்." இம்மூன்றையும் உறவினர்கள் வீட்டுக்குள் கொண்டுவருவார்கள், வாசலிலேயே நிறுத்துங்கள். செய்தது தவறு என்பதும், செய்தவர் மேல் குழந்தைக்குப் பாசம் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

பள்ளி

எல்லோரிடமும் சொல்வதும் தவறு, யாரிடமும் சொல்லாமல் இருப்பதும் தவறு. வகுப்பாசிரியரோ ஆலோசகரோ ஒருவரிடம் மட்டும் சொல்லி, யார் அழைத்துப்போகலாம், எந்த நாளில் விடுப்பு, குடும்பப் படம் வரையும் பாடங்களை எப்படிக் கையாள்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு பதில் தயாராக இருக்கட்டும்: "அப்பா இப்ப எங்ககூட இல்ல. அதைப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்ல." இதில் பொய் இல்லை, விவரமும் இல்லை. வீட்டில் நடித்துப் பழகினால் வாயில் வரும்.

எப்போது தொடர்பு வேண்டாம்

குழந்தைமீதோ வீட்டில் இன்னொருவர்மீதோ நடந்த வன்முறைதான் வழக்கு என்றால், மேலே சொன்னவற்றை அப்படியே செய்யக் கூடாது. நீதிமன்ற உத்தரவும் குழந்தைநல நிபுணரின் கருத்தும் முதலில். பார்க்க மாட்டேன் என்று பிள்ளையே சொன்னாலும் வற்புறுத்த வேண்டாம். வரும் கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டுவைத்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொன்னால் போதும். பாட்டிக்கோ மாமாவுக்கோ இருக்கும் கோபம் பிள்ளையின் மறுப்பாக மாறிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பும்போது

பரோலில் வந்தால், திரும்பப் போக வேண்டிய நாளை வந்த அன்றே சொல்லிவிடுங்கள். நிரந்தர விடுதலையென்றால், 2 வயதில் விட்டுப்போனவரை 5 வயதில் அடையாளம் தெரியாமல் இருக்கலாம். மடியில் உட்காரச் சொல்லித் தள்ளாதீர்கள். தூங்கும் நேரம், கண்டிப்பு, பள்ளிக் கையெழுத்து எல்லாம் முதல் சில வாரங்களுக்கு இதுவரை பார்த்துக்கொண்டவர் கையிலேயே இருக்கட்டும். வந்தவர் தினமும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம்: பள்ளிக்குக் கூட்டிப்போவது, அல்லது இரவுக் கதை. அது நிலைத்த பிறகு அடுத்ததை எடுக்கட்டும்.