குரைக்காத நாய்க்குட்டியைக் குரைக்கப் பழக்கும்போது செய்யும் தவறுகள்

எட்டு மாதம் ஆகிவிட்டது, வாசலில் யார் வந்து நின்றாலும் வாலை ஆட்டுகிறதே தவிர வாயைத் திறப்பதில்லை. லேப்ரடார் வளர்க்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் சகஜம். உடனே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் யோசனை சொல்வார்: "பகல் முழுக்கக் கட்டிப் போடுங்க, தானா கோபம் வரும்." முதலில் தள்ளி வைக்க வேண்டியது இந்த யோசனையைத்தான். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய் குரைக்கும், உண்மைதான். ஆனால் அது சலிப்பிலும் பயத்திலும் வரும் குரைப்பு. நீங்கள் சொல்லும்போது வராது, நிறுத்தச் சொன்னால் நிற்காது. நாயைக் குட்டைச் சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

இங்கே இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். அந்நியரைப் பார்த்துக் குரைப்பது வயதோடு வருவது. பல நாய்களுக்கு ஆறேழு மாதத்துக்கு மேல்தான் அது தலைகாட்டும், பெரிய உடம்புக்கார இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். சொன்னால் குரைப்பது என்பது கை கொடுப்பது, உட்காருவது போல ஒரு வித்தை, அவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போன நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையில் ரோமியோ, ஜூலி என்று இரண்டு நாய்கள் இருந்தன. இடிபாடுகளுக்கு நடுவே ஓரிடத்தில் ஜூலி நின்று குரைத்தது. ரோமியோவையும் அனுப்பிப் பார்த்தார்கள், அதுவும் அதே இடத்தில் குரைத்தது. உள்ளே ஆறு வயதுச் சிறுமி உயிரோடு இருந்தாள். அந்தக் குரைப்பில் கோபம் துளியும் கிடையாது. மீட்பு நாய்க்கு மனிதரைக் கண்டுபிடித்துக் குரைப்பது ஒரு விளையாட்டு, பிடித்த பொம்மைதான் அதற்குக் கூலி. உங்கள் வீட்டுக் குட்டிக்கும் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்படியானால் முதல் சத்தம் எங்கிருந்து வரும்? நாயிடமிருந்தேதான். அதற்குப் பிடித்த பந்தையோ வேகவைத்த கோழித் துண்டையோ கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நில்லுங்கள். அது உட்காரும், கையை நக்கும், முன்னங்காலால் தட்டும், உங்கள் முகத்தையே பார்க்கும். கடைசியில் பொறுமை போய் ஒரு சத்தம் போடும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அவர்கள் காத்திருப்பது முழுத் தொண்டைக் குரைப்புக்கு. அமைதியான குட்டியிடம் முதலில் வருவது தும்மல் மாதிரி ஒரு "உஃப்", இல்லையென்றால் மெல்லிய முனகல். அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். சத்தம் வந்த அந்த நொடியிலேயே "குட்" என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். சட்டைப் பையில் துழாவி, கவரைப் பிரித்து, ஐந்து நொடி கழித்துக் கொடுத்தால், அதற்குள் அது உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்ததற்குத்தான் கிடைத்தது என்று கற்றுக்கொள்ளும். "உஃப்" சுலபமாக வர ஆரம்பித்த பிறகு அதற்குக் கூலியைக் குறைத்து, கொஞ்சம் பலமாக வருவதற்கு மட்டும் கொடுங்கள். குரைப்பு இப்படித்தான் படிப்படியாக வளரும்.

சாப்பாட்டுத் தட்டை மட்டும் இந்த விளையாட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். தட்டைக் காட்டிக் காட்டிப் பறித்தால் நாய் குரைக்கக் கற்காது, தட்டருகே யார் வந்தாலும் உறுமக் கற்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

அடுத்தது, கட்டளைச் சொல். குரைப்பு வருவதற்கு முன்பே "குரை, குரை, குரை" என்று பத்துத் தடவை கத்துவதில் பயனில்லை. அர்த்தம் தெரியாத நாய்க்கு அது மின்விசிறிச் சத்தம் போலத்தான். இதோ குரைக்கப் போகிறது என்று உறுதியாகத் தெரியும் நிலைக்கு வந்த பிறகு, அதற்கு ஒரு நொடி முன்னால், ஒரே தடவை சொல்லுங்கள். கூடவே ஒரு கை சைகையும் இருந்தால் நல்லது, நாய்கள் வார்த்தையைவிடக் கையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அப்பா "ஸ்பீக்", பிள்ளை "பேசு", பாட்டி "குலைடா" என்று ஆளுக்கொன்று சொல்லாமல் வீட்டில் ஒரே சொல்லை முடிவு செய்யுங்கள். "பேசு" என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுத்துவதற்கு நாம் இயல்பாகச் சொல்வது "பேசாம இரு". இரண்டும் ஒரே மாதிரித் தொடங்கினால் நாய் என்ன செய்யும்?

காலிங் பெல்லை அடித்துக் குரைக்க வைப்பது குறுக்குவழி. பல நாய்களிடம் வேலை செய்யும், அதுதான் பிரச்சினையே. அப்புறம் கூரியர்காரர், பால்காரர் என்று பெல்லைத் தொட்டவர்களுக்கெல்லாம் கச்சேரி நடக்கும். போனில் வேறு நாய்களின் குரைப்பைப் போட்டுக் காட்டுவதிலும் கவனம் தேவை. சில குட்டிகள் பதில் குரல் கொடுக்கும், சில பயந்துவிடும். காது பின்னால் ஒட்டிக்கொண்டது, வால் கால்களுக்கு நடுவே போனது, காரணமில்லாமல் கொட்டாவி வருகிறது என்றால் அன்றைக்குப் பாடம் முடிந்தது.

இப்போது, பெரிய தவறு. குரைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு நிறுத்தக் கற்றுக்கொடுக்காமல் விடுவது. இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும். இரண்டு மூன்று குரைப்புக்குப் பிறகு தின்பண்டத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். முகரும்போது குரைக்க முடியாது, சத்தம் நிற்கும். அப்போது "போதும்" என்று தணிந்த குரலில் சொல்லி, தின்பண்டத்தைக் கொடுங்கள். முதலில் ஒரு நொடி அமைதி போதும், பிறகு மூன்று, பிறகு பத்து. "போதும்!" என்று நீங்கள் உச்சக் குரலில் கத்தினால், நீங்களும் சேர்ந்து குரைப்பதாக அது எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கட்டளை புரிந்த பிறகு, கேட்காமல் குரைத்ததற்கு எதுவும் கொடுக்கக் கூடாது. நீங்கள் தோசை சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து குரைக்கிறதே என்று ஒரு துண்டைப் போட்டால், கட்டளை யார் கையில் இருக்கிறது என்பது அன்றோடு மாறிவிடும்.

தின்பண்டம் பட்டாணி அளவு இருந்தால் போதும். சாக்லேட், வெங்காயம் சேர்ந்த குழம்புக் கறி, திராட்சை, உலர்திராட்சை கூடவே கூடாது. ஒரு வேளைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாய்க்கு இன்னும் வேண்டும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள்.

சில நாய்களிடம் அதிகம் எதிர்பார்ப்பதே தவறு. ஓடி வேட்டையாடவே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி போன்றவை சும்மா சும்மா வாய் திறப்பவை அல்ல. ஆப்பிரிக்காவின் பசென்ஜி நாய் குரைப்பதற்குப் பதில் பாட்டு மாதிரி ஒரு சத்தம்தான் போடும். புதிதாக வீட்டுக்கு வந்த நாயும் சில வாரங்கள் அமைதியாகவே இருக்கும். முழு வெள்ளை ராஜபாளையம், டால்மேஷன் குட்டிகள் சிலவற்றுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. உங்கள் குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவியைக் குலுக்கிப் பாருங்கள், காது அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்ட நாய்க்கும் கை சைகையால் குரைக்கக் கற்றுக்கொடுக்கலாம்.

நன்றாகக் குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று ஊமையானாலோ, குரல் கரகரவென்று மாறினாலோ அது பயிற்சி விஷயமே அல்ல. தொண்டைத் தொற்றாக இருக்கலாம். வெறிநோயிலும் குரல் மாறும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்து வாய்க்குள் கை விட வேண்டாம், தொடாமல் தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.